ஒரே ஓர் எதிர்முடிவு

மார்ச் 3

அண்ணாவுக்கு,

விஞ்ஞானம் எப்படி நடக்க வேண்டும் என்று நீ எழுதிய புத்தகம் வந்தது. 'என் அருமைத் தங்கைக்கு' என்று கையெழுத்து வேறு. உள்ளே அந்த அருமைத் தங்கையைத்தான் நாறடித்திருக்கிறாய். 'தீக்காயத்தை ஆற்றும் நொதியை ஆராயும் ஒரு பெண், தன் கொள்கைக்கு ஒத்துவராத முடிவுகளைக் குப்பையில் போட்டார்.' பெயர் போடாவிட்டால் தெரியாதா? அந்த நொதியோடு இங்கே வேறு யார் மல்லுக்கட்டுகிறார்கள்?

இந்தப் புத்தகத்துக்காக இரண்டு மாதம் என் லேபில் உட்கார்ந்து டீ குடித்தாயே, எங்கள் ஃபிரிட்ஜ் கதவு முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும் என்பதைப் பார்க்கவில்லையா? அன்று யாரோ இடிக்க மறந்துவிட்டார்கள். சூடேறிச் செத்துப்போன நொதியைச் சோதித்த முடிவுகளைத்தான் தூக்கிப் போட்டேன். "உங்க அண்ணனே எழுதியிருக்காரேம்மா" என்று சொல்லி நிதிக்குழுத் தலைவர் என் லேபை மூடிவிட்டார். வயிறு எரிகிறது.

தங்கை

மார்ச் 12

என் செல்ல வாலுக்கு,

இன்னும் அதே மூக்குக்கு மேல் கோபமா? உன்மேல் எனக்கென்ன விரோதம்? ஒரே ஓர் எதிர்முடிவு வந்தாலும் கொள்கையைக் கைவிட வேண்டும். அதுதான் விஞ்ஞானம். ஃபிரிட்ஜ், கதவு, முழங்கால் எல்லாம் சாக்கு. புத்தகம் சக்கைப்போடு போடுகிறது, இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 20

அண்ணாவுக்கு,

சிநேகிதியின் லேபில், ஒழுங்காக மூடும் ஃபிரிட்ஜில் நொதியை வைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். புண் ஆறுகிறது. வேறு இரண்டு லேப்காரர்களும் செய்து பார்த்துவிட்டார்கள். உன் பேச்சைக் கேட்டிருந்தால் சரியான கொள்கையைக் குழிதோண்டிப் புதைத்திருப்பேன்.

ஆக, உன் கொள்கைக்கு இதோ ஓர் எதிர்முடிவு. ஒன்று போதும் என்றாயே, புத்தகத்தை எப்போது திரும்பப் பெறுகிறாய்?

தங்கை

ஆகஸ்ட் 29

வாலு,

விளையாடாதே. ஒரே ஓர் எதிர்முடிவுக்காக இத்தனை வருஷக் கொள்கையை யாராவது தூக்கி எறிவார்களா? கோளாறு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டாமா? உன் விஷயம் விதிவிலக்கு. பதிப்பு அச்சில் இருக்கிறது, இப்போது போய்க் கலாட்டா பண்ணாதே. நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்.

அண்ணன்

செப்டம்பர் 6

அண்ணாவுக்கு,

இதற்குத்தான் காத்திருந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல், நீ தொடர் எழுதும் அதே ஆய்விதழில் கொடுத்துவிட்டேன். "என்னங்க இது, இவரையே இவர் மறுத்துட்டாரு!" என்று ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் பதிப்பு வரும் மாதமே இதுவும் வருகிறது, உன் முழுப் பெயரோடு. பெயரை மறைக்கிற நாகரிகமெல்லாம் எனக்குத் தெரியாது.

மனசு குளிர்ந்ததா என்று கேட்பாய். நன்றாகவே குளிர்ந்தது. லேப் மட்டும் திரும்பி வரவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் அச்சுக்குக் கொடுப்பேன்.

தங்கை