கெஞ்சாமல் கேட்ட மூன்று கேள்விகள்

இன்று காலை என் பழைய பாஸ்போர்ட்டின் உறைக்குள்ளிருந்து ஒரு பதிவுத்தபால் ஒப்புகை அட்டை விழுந்தது. தபால் முத்திரை மங்கிவிட்டது. விலாசம் மட்டும் உன் கையெழுத்தில், குண்டுகுண்டாக அப்படியே இருக்கிறது. எதிரில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாக அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. வெளிநாட்டு வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்குகிறது.

எனக்கும் அதே கதைதானே நடந்தது. தேனியில் நர்சாக இருந்தபோது மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அவர்கள் கொடுத்த கெடு முடிய இரண்டரை மாதம்தான் இருந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டால் போலீஸ் அறிக்கை வரவேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். நம் ஊரான கம்பத்தில், பஸ் நிலையத்தை ஒட்டி நீ வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு வந்து அழுதேன். கையில் ஒரு மனுவும் வைத்திருந்தேன். ஏழைக் குடும்பம், கூலிக்குப் போகும் பெற்றோர், கருணை கூர்ந்து என்று இரண்டு பக்கம். நீ படித்துவிட்டு முழுவதையும் குறுக்கே அடித்தாய்.

"இதப் படிச்சா பாவம்னு சொல்லிட்டு மூடி வச்சுருவாக புள்ள. கெஞ்சாத. கேளு," என்றாய்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்ற பேரையே அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். வெள்ளைத்தாளில் மூன்றே கேள்வி எழுதினாய். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது? போலீஸ் அறிக்கை என்றைக்கு வந்தது, அதன் நகல் கிடைக்குமா? மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டிய அதிகாரி யார்? கட்டணத்துக்குப் போஸ்டல் ஆர்டரை இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று கடைக் காலண்டரில் நீ வட்டம் போட்டாய்.

இருபத்தெட்டாம் நாள், போலீஸ் அறிக்கையின் நகலோடு பதில் வந்தது. நான் அந்த விலாசத்திலேயே இல்லையாம். குடும்பத்தோடு கேரளாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். பக்கத்து வீடு என்றால் உன் வீடு. சொன்னது உன் அம்மா.

போலீஸ் வந்த அன்று நான் டூட்டியில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் வழக்கம்போல ஜீப்பில் குமுளி மலையேறி ஏலக்காய் பறிக்கப் போயிருந்தார்கள். கதவில் பூட்டு.

"போலீசுன்னதும் ஏதோ வம்புன்னு நெனச்சேன் ஆத்தா. ஒங்களக் காப்பாத்துறதா நெனச்சுத்தான், அவுக கேரளாவுக்கே போயிட்டாகன்னு சொல்லிப்புட்டேன்," என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீ சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். மறுநாளே அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவைத்தாய். மறுவிசாரணை நடந்து, கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது.

நீ போய் மூன்று வருடமாகிறது. ஊரில் இருக்கிற ஆபீசையெல்லாம் கேள்வி கேட்டவள், மார்பில் கண்ட கட்டியைப் பற்றி நர்சான என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மகள் தான் எழுதிக்கொண்டு வந்த மனுவை நீட்டினாள். முதல் வரியே 'நான் தாயில்லாப் பெண்' என்றிருந்தது. பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடிப்பதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் அடித்தேன்.

"ஏன் சித்தி, உண்மையத்தான எழுதிருக்கேன்?"

"உண்மதான்த்தா. ஆனா அது கேள்வி இல்லையே."

புதுத் தாளில் உன் மூன்று கேள்விகளையும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவளுக்கும் உன் குண்டுகுண்டான எழுத்துதான். தபாலில் சேர்த்துவிட்டு வந்து, முப்பதாம் நாளைக் காலண்டரில் நானே வட்டம் போட்டேன். அன்றும் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். கெஞ்ச மாட்டோம்.