மூன்றாம் ஓலை

லாலாகுடா,
12-1-1944

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அத்தானுக்கு மேரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் மனசைத் தவிர.

உங்கள் கடிதத்தில் பெரிய ஓட்டை. மலையின் பெயரை எதற்கு எழுதினீர்கள்? பட்டாளத்துத் தணிக்கைக்காரர் அதைக் கத்தரித்து எடுத்துவிட்டார். தாளின் பின்பக்கம் அதே இடத்தில்தான் நீங்கள் வரும் தேதி இருந்திருக்கிறது. "லீவு கிடைத்துவிட்டது மேரி, கட்டாயம்" என்று இருக்கிறது. அப்புறம் ஓட்டை. அப்புறம் "அன்று வந்து நிற்பேன்." என்றைக்கு வந்து நிற்பீர்கள்? அப்பா தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து எனக்கு அவர் மூக்குதான் தெரிந்தது.

விபூதிப் புதன் பிப்ரவரி 23. தபசு காலம் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கலியாணம் கிடையாது. நமக்குப் போன வருஷம் வாசித்த ஓலை, நீங்கள் வராமல் ஆறு மாதம் தாண்டியதால் செல்லாமல் போயிற்று. மறுபடியும் மூன்று ஞாயிறு பூசையில் "இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம்" என்று சாமியார் வாசிக்க வேண்டும். முப்பதாம் தேதி முதல் ஓலை. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஐவி, "இன்னும் எத்தனை தடவைடி வாசிப்பாங்க? நக்கோ, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயேன்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேதியை உடனே எழுதுங்கள். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
மேரி

*

காட்டு முகாம்,
29-1-1944

அன்பு மேரிக்கு,

தப்பு என்னுடையதுதான். லீவு பிப்ரவரி எட்டாம் தேதியிலிருந்து.

இனி சொல்லப்போவதற்குக் கோபிக்காதே. ஒரு வருஷமாக மூங்கில் காட்டை வெட்டி, மலை முதுகைச் சீவி, விமானம் இறங்கத் தரை போடுகிறோம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் சரிந்து ஓடைக்குப் போய்விடுகிறது. மறுபடி மண், மறுபடி கல், மறுபடி அதை உருட்டி அமுக்க என் ரோடு என்ஜின். அட்டை கடித்த கால் ஆறவே இல்லை. மார்ச்சில் முதல் விமானம் இறங்கும் என்கிறார்கள்.

துரை கூப்பிட்டு, "போவதானால் போ, உன் என்ஜினை நடேசன் ஓட்டட்டும்" என்றார். நடேசனுக்குக் கொதிகலனில் தண்ணீர் மட்டம் பார்க்கவே தெரியாது. என் கையால் உருட்டிய தரையில் விமானம் இறங்குவதைப் பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது. இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்வோம். மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உன்
தேவசகாயம்

*

லாலாகுடா,
14-2-1944

தேவசகாயம் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது.

துரை விடமாட்டேன் என்கிறார் என்று ஒரு வருஷமாக ஊரெல்லாம் உங்களுக்காகச் சண்டை போட்டேன். துரை விட்டிருக்கிறார். நீங்கள்தான் வரவில்லை. மலை எத்தனை தடவை சரிந்தாலும் மறுபடி மண் போடப் பொறுமை இருக்கிறது உங்களுக்கு. எனக்கு மட்டும் "கோபிக்காதே." கோபம்தான் வருகிறது அத்தான்.

நேற்று மூன்றாம் ஓலை. "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் வழக்கம்போல் வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். அந்த இடத்தில் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் நான் எழுந்து நின்றேன். அம்மா முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டார். "என்னம்மா தடை? அவனுக்கு அங்க வேற சம்சாரம் இருக்கா?"

"இல்ல சாமி. அவருக்கு வர மனசில்ல."

"அது தடையில சேராதும்மா."

"அப்போ எனக்கும் மனசில்லன்னு எழுதிக்குங்க சாமி."

அது சேருமாம். எழுதிக்கொண்டார். சொல்லும்போது அழுதேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
லூர்துமேரி