உழவர் என்றொரு அரசர்

சிமானு மாதம், கிரகணத்துக்கு மறுநாள்

தாரிபும் அத்தானுக்கு இதைப் படித்துச் சொல்பவனே, மெதுவாகப் படி.

ஷமாஷ் தேவன் உங்களையும் அக்காவையும் காக்கட்டும். நேற்று நிலா கறுத்தது. அரசர் உயிருக்கு ஆபத்தாம். பூசாரிகள் குறித்த கெடு தீரும்வரை சிம்மாசனத்தில் வேறொருவர் இருக்கவேண்டும். உங்கள் பெயர் வந்தது, நான் மறுக்கவில்லை. உங்கள் பீர் காய்ச்சும் வேலையைவிட இதில் புகை குறைவு. உண்மையான அரசரை அதுவரை ‘உழவர்’ என்றே அழைக்கவேண்டும். உழவர் ஏலாமியர்மேல் போருக்குப் போகிறார். செயலர் என்பதால் நானும் போகிறேன்.

அக்காவிடம் அரண்மனையில் வேலை என்று மட்டும் சொல்லுங்கள்.

பெலானும்

தம்மூஸ் மாதம், அரண்மனை

மச்சான் பெலானும்,

ஷமாஷ் உன்னை அம்புபடாமல் காக்கட்டும். சிம்மாசனம் இடுப்பை ஒடிக்கிறது. வரியைக் குறைக்க ஆணையிட்டேன். எல்லோரும் விழுந்து வணங்கினார்கள், வரி குறையவில்லை. சாப்பாடு பிரமாதம். சமையல்காரனைப் பாராட்டினேன். “போன தடவை உக்காந்திருந்தவரும் இப்படித்தான் ரசிச்சு சாப்பிட்டாரு” என்றான். அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் கறி வைத்தான்.

உன் அக்கா தெரு முழுக்க உன்னைத்தான் புகழ்கிறாள். உனக்கு ஒரு ஜாடி பீர் அனுப்பியிருக்கிறாள்.

தாரிபும்

அதே மாதம், ஆற்றங்கரைப் பாசறை

அத்தான்,

பீர் வந்தது. படைவீரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

கெடு முடியும் நாளில் பூசாரிகள் ஒரு கிண்ணம் கொண்டுவருவார்கள். அதற்குப்பின் உங்களை அரச மரியாதையோடு புதைப்பார்கள். முதல் கடிதத்தில் இதற்கு இடம் போதவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் எழுதும் பலகைக்கான களிமண்ணுக்கு இங்கே பஞ்சமில்லை. அன்று தலைமைப் பூசாரி, “யாரையாச்சும் சொல்லு, இல்லன்னா நீயே உக்காரு” என்றார். உடனே சொன்னேன். யோசித்திருந்தால்கூட உங்களைத்தான் சொல்லியிருப்பேனோ என்பது இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

நாளை உழவர் ஆற்றைக் கடக்கிறார்.

பெலானும்

ஆபு மாதம், அரண்மனை

மச்சான்,

உழவர் ஆற்றிலேயே அம்புபட்டு இறந்த செய்தி வந்தது. பூசாரிகளைக் கூட்டி, இனி நான் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். தலைமைப் பூசாரி சிரிக்காமல் சொன்னார்: “செத்தது உழவன்தானே? ராஜா இங்கதான இருக்கீங்க.” அன்றே நிஜ முடியை வைத்தார்கள். வரியும் குறைந்தது.

மறுநாள் அதே பூசாரி திரும்பி வந்தார். இறந்தது உழவன் என்பதால் அரசரின் கண்டம் இன்னும் கழியவில்லையாம். கெடு முடியும்வரை நான் உழவனாக இருக்கவேண்டும். சிம்மாசனத்துக்கு வேறு ஆள் வேண்டும். “யாரையாச்சும் சொல்லுங்க, இல்லன்னா நீங்களே இருங்க.”

உன் பெயர் வந்தது, நான் மறுக்கவில்லை. உன் அக்கா இன்னும் உன்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாள். அதைக் கேட்டபடி சாப்பிட முடியவில்லை. அதனால் இதைக் கொண்டுவருபவனிடம் இரண்டு கழுதைகள் கொடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. எந்தப் பக்கம் ஓட்டுவது என்று அவனிடம் சொல்லவில்லை. மலைப்பாதையில் காவல் இல்லை.

தாரிபும்

ஆபு மாதம், வழியில்

அத்தான்,

மலைப்பாதையைப் பார்த்தேன். நல்ல பாதைதான். கழுதையைத் தலைநகர்ப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டேன்.

சமையல்காரனிடம் எனக்குக் கறி அதிகம் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அக்காவிடம், அரண்மனையில் வேலை என்று மட்டும்.

பெலானும்