படிவத்தில் நான் எழுதாத கோபம்

அண்ணா,

இன்று நம் வீட்டுப் பழைய பிரிட்ஜைத் துடைத்தபோது, முட்டைத் தட்டின் அடியில் ஓர் ஊசிமருந்துக் குப்பியின் மூடி கிடந்தது. உன் இன்டர்பெரான். வாரம் மூன்று ஊசி, நான்தான் போடுவேன்.

அப்போது நான் ஹெபடைடிஸ் சி ஆய்வு ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். நீ அதில் ஒரு நோயாளி. வைரஸ் புகுந்த ஈரலைத் தாக்கும் வெள்ளை அணுக்களின் மேல் சைகை வாங்கும் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஒன்று 'அடி' என்னும், மற்றது 'நிறுத்து' என்னும். நாள்பட்ட நோயில் உனக்கு 'நிறுத்து'தான் மிகுதி. ஊசி தொடங்கியபின் மாதாமாதம் 'அடி' ஏறியது, வைரஸ் இறங்கியது. திரையில் அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதேன்.

வீட்டில் நீயும் அடித்தாய். அதற்குமுன் நீ குரலை உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. ஆரியசாலையில் உன் கடையில் மிளகாய் மூட்டை இறக்கியவர்மேல் தராசுப் படிக்கல்லை எறிந்தாய், அவர் காது கிழிந்தது. சோறு ஆறிப்போச்சென்று, கட்டிய மனைவி என்றும் பாராமல் மைனியின் தலையைச் சுவரில் மோதினாய். சுவரில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தது நான்.

இது மருந்தின் வேலை என்று குப்பியோடு வந்த தாளிலேயே போட்டிருந்தது. ஆனாலும் ஆய்வுப் படிவத்தில், பக்கவிளைவு என்ற இடத்தில், 'காய்ச்சல், உடம்புவலி' என்று மட்டும் எழுதினேன். வீட்டு மானம் போகக்கூடாது, ஊசியும் நிற்கக்கூடாது.

"இன்னும் நாலு மாசம் பொறுத்துக்கிடுங்க மைனி."

"அடி வாங்குறது நானாக்கும்," என்றாள் மைனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஆறு வயது மகள் தண்ணீரைக் கொட்டினாள். நீ இரும்புக் கரண்டியை ஓங்கினாய். குறுக்கே விழுந்த என் மணிக்கட்டு உடைந்தது. கட்டிலுக்கடியில் புகுந்த பிள்ளை, நீ கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டும் வரவில்லை.

"எம்பிள்ளைக்கு என்னைக் கண்டா பேடியாக்கும், பயந்து ஒளியுது. ஊசி போதும் மக்கா."

"நிறுத்தினா செத்துப்போவே அண்ணா."

"மனுசனா சாவேன், கேட்டியா."

ஊசியை நிறுத்திய மூன்றாம் வருடம் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துப் போனாய். மகள் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அப்போதே சொல்லியிருந்தால் கோபம் தணிய மாத்திரை கொடுத்து ஊசியைத் தொடர்ந்திருக்கலாமே என்றார். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் ரத்தம் எடுக்குமுன் நோயாளியோடு வந்த பெண்ணைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் அடிக்கிறாரா என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் முந்தானையை விலக்கிக் காயத்தைக் காட்டுகிறார்கள். அதைப் படிவத்தில் எழுதிய பிறகுதான் ஊசியைத் தொடுகிறேன்.