தரிசு என்று எழுதிய இடம்

சம்பூர்,
12 டிசம்பர்

அன்புள்ள சுஹைரா,

நான் நலம். நீயும் அந்தக் குளிரில் நலமாயிருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை உன் உம்மாவைக் கிண்ணியாவில் கண்டேன். ஒழுங்காகச் சாப்பிடும்படி உனக்குச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இதைத் தொலைபேசியில் சொல்ல நினைத்து இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். அதனால்தான் மின்னஞ்சல். சோலார் மின்நிலையத்துக்காக ஆவணியில் நாம் அளந்த நிலம் நினைவிருக்கும். வெடித்த மண், ஒரு மாடுகூட இல்லை. நீர்நிலை இல்லை, மேய்ச்சல் இல்லை, தரிசு என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டோம்.

மழைக்குப் பிறகு எல்லைக்கல் பார்க்கப் போனேன். முழங்கால் வரை தண்ணீர். கூழைக்கடாக்கள். கரையெல்லாம் மாடுகள், முந்நூற்றுக்குக் குறையாது. வயல் விதைத்ததும் மாடுகளை இங்கே கொண்டுவந்துவிடுவார்களாம். அறுவடை முடிந்த பிறகுதான் அவை வயலுக்கு இறங்குமாம். நாம் போனபோது எல்லாம் வயலில் நின்றிருக்கின்றன. மாட்டுக்காரர் பிரகலாதன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். “கச்சான் காத்து வீசுற கோடையிலை வந்து பாத்திட்டுத் தண்ணி இல்லையெண்டு எழுதினனீங்களோ? நடை சாத்தின பிறகு கோயிலுக்குப் போயிட்டு சாமி இல்லையெண்ட மாதிரியெல்லோ பிள்ளை!” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போரில் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் முழுக்க வேலி, அந்த நிலத்தை மாரியில் நான் பார்த்ததேயில்லை. அது சாட்டுத்தான். யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நம் அறிக்கையை நம்பிப் பங்குனியில் அந்த நீரின் மேல் மண் போடப் போகிறார்கள்.

மின்நிலையம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நிலக்கரி வேண்டாமென்று நின்ற ஊர் இது. புகையில்லாத மின்சாரம் வரட்டும், வேலையும் வரட்டும். தெற்கே மேட்டுநிலம் சும்மாதானே கிடக்கிறது.

மின்நிலையப் பொறியியலாளர் அஷ்பாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, “முந்நூறு மாடும் உங்களோட ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினதா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு வரைபடத்தை விரித்தார். சோலார் தகடுகளை மேட்டுக்கு மாற்றலாமாம். ஆனால் ஒப்பமிட்ட இருவருமே பிழையை எழுதித் தரவேண்டும், ஓராள் மட்டும் தந்தால் ஏலாது என்றார். இருபதாம் திகதிக்குள்.

அந்த அறிக்கையைக் காட்டித்தான் உனக்கு அங்கே படிக்க இடம் கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது என்றுதான் முதலில் எழுதினேன். ஒரு பிழையைத் திருத்த இன்னொரு பொய்யா என்று தோன்றியது, வெட்டிவிட்டேன். திருத்தக் கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் ஒப்பம் இருக்கிறது, கீழே உன் இடம் வெறுமையாக இருக்கிறது. நீ ஒப்பமிடாவிட்டாலும் கோபிக்கமாட்டேன் என்று எழுத ஆசை. எழுத வரவில்லை.

நீ நம்பும் இறைவன் உனக்கு நல்லதையே காட்டட்டும். அடுத்த மாரிக்கு வா, சுஹைரா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாம் அளந்த இடத்தில் இருவரும் தண்ணீருக்குள்ளால் நடப்போம்.

என்றும் உன்,
கீர்த்தனி