நாற்பது ஓடிபி அனுப்பியது நான்தான்

புனே

அன்புள்ள அம்மாவுக்கு ரேணுகா எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

வியாழக்கிழமை உன் போனில் நாற்பது ஓடிபி வந்ததும், "இன்னாடி இது, எவனாவது பேங்க்ல பூந்துட்டானா?" என்று பயந்திருப்பாய். அனுப்ப வைத்தது நான்தான். எங்கள் வெப்சைட்டில் திருடன் நுழைய முடியுமா என்று சோதிப்பதுதானே என் வேலை. திரையே இல்லாமல் ஓடும் பிரவுசர் ஒன்று இருக்கிறது. எங்கே தட்டவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தால் அதுவே தட்டும். சோதனை நம்பருக்குப் பதில், மனப்பாடமாக இருந்த உன் நம்பரைப் போட்டுவிட்டேன். மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டிய வெப்சைட், கேட்கக் கேட்க அனுப்பியது. ஓட்டை அதுதான்!

திருப்பத்தூர் போனால் கொஞ்சம் சாமை அரிசி பார்சல் போடு. ஆபீஸ் கேப் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல். டெலிவரி ரிப்போர்ட்டில் பார்த்தேன், காலையில் அனுப்பியவை உனக்கு மாலை நாலு மணிக்குத்தான் மொத்தமாகச் சேர்ந்திருக்கின்றன. நம் ஊரில் டவர் கிடைப்பது சிக்னல் பாறையில் மட்டும்தானே, அப்போதுதான் அங்கே ஏறியிருக்கிறாய். யாரிடம் பேச ஏறினாய், அம்மா? என் போன் அடிக்கவில்லையே.

ரேணுகா