படிக்காமல் வைத்த சுற்றறிக்கை

வெள்ளிமலை, 1987 செப்டம்பர், வெள்ளிக்கிழமை இரவு

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இடஒதுக்கீட்டு மறியலில் கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் டாக்டராக இருக்கும் சுகாதார நிலையத்துக்கு இரண்டு நாளாக நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் வரவில்லை. காலையில் வயிற்றுப்போக்கோடு ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் வந்தார்கள். கண் குழிந்திருந்தது, ஆனால் வாயில் விட்ட தண்ணீரை விழுங்கினான். உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டச் சொன்னேன்.

“இன்னா சார், தண்ணி குடுக்கவா இம்மாந்தூரம் தூக்கினு வந்தோம்?” என்றான் தகப்பன்.

“பேசிக்கினே இருக்காத, புடிப்பா. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் உட்டுக் குடு,” என்று நர்ஸ் அவன் கையிலேயே ஸ்பூனைத் திணித்தார்.

மாலையில் மடியிலிருந்த பையன் சிறுநீர் கழித்ததில் தகப்பன் வேட்டி நனைந்தது. “பேஞ்சிட்டான் சார்!” என்று கத்திச் சிரித்தான்.

தாய் மெதுவாகக் கேட்டாள்: “பால் குடுக்கலாங்களா சார்? பெரியவளுக்குப் பேதி ஆனப்ப நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க.”

கொடு என்றேன். பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் துணியவில்லை.

பேதியில் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்ற சுற்றறிக்கை இரண்டு வருஷமாக என் மேசையில் கிடக்கிறது. அனுப்பியவர், எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்தவர். அதனாலேயே இன்று மத்தியானம்வரை படிக்கவில்லை.

இன்று நடந்ததை மற்ற நிலையங்களின் டாக்டர்களுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அவர்களில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சில்லை. என் பெயரைப் பார்த்தால் அவர்களும் படிக்கமாட்டார்கள். பாதை திறந்ததும் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுவேன்.